மறைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்குப் பூட்டு எதற்கு?

கேள்வி இப்படி வந்திருக்கிறது: “வீட்டில் தினமும் இதே வாக்குவாதம். ‘நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது, யார் பார்த்தால் என்ன’ என்கிறார் அப்பா. ‘வாட்ஸ்அப்பில் எல்லாமே என்க்ரிப்ட் ஆகிறது, யாராலும் படிக்க முடியாது’ என்கிறான் தம்பி. நாம் பேசுவதை ஃபோன் ஒட்டுக்கேட்டுத்தான் விளம்பரம் காட்டுகிறது என்று என் தோழி அடித்துச் சொல்கிறாள். குற்றவாளிகளைப் பிடிக்க அரசாங்கத்திடம் மட்டும் ஒரு சாவி இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்குத் தோன்றுகிறது. யார் சொல்வது சரி?”

நால்வர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நால்வரும் ஒரே இடத்தில் சறுக்குகிறீர்கள். நம் தரவு இன்று யார் கையில் இருக்கிறது, அவர் நம்பகமானவரா என்று மட்டும் பார்க்கிறீர்கள். சர்வர்களைப் பாதுகாக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். நான் முதலில் கேட்பது, இன்னும் பத்து வருடம் கழித்து இது யார் கையில் இருக்கும் என்பதைத்தான். சேர்த்து வைத்த தரவு சேர்த்தவரிடமே நிற்பதில்லை. திருடு போகிறது, விலைக்குப் போகிறது, நிறுவனம் கைமாறும்போது மேசை நாற்காலியோடு சேர்ந்து அதுவும் கைமாறுகிறது, ஆட்சி மாறினால் வந்தவர் கைக்குப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் தம்பி. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் தன் செய்திகள், அழைப்புகள் எல்லாவற்றையும் முனைக்கு முனை என்க்ரிப்ஷனுக்கு மாற்றியது, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டியது. அதற்கு எடுத்துக்கொண்ட முறை சிக்னல் என்ற இன்னொரு செய்திச் செயலிக்காக உருவானது. அந்த முறையின் விவரம் வெளிப்படையாக இருக்கிறது. உலகத்தில் இந்தத் துறை தெரிந்தவர்கள் வருடக்கணக்கில் குடைந்து பார்த்திருக்கிறார்கள். கணிதம் உறுதியானது. அதில் தம்பி சொல்வது சரி.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் எங்கே வேலை செய்யாது என்பதும் தெரியும். என்னிடம் ஒரு பூட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்த நிலையில் உங்களுக்கு அனுப்புகிறேன். சாவி என் பையிலேயே இருக்கிறது. நீங்கள் கடிதத்தைப் பெட்டியில் வைத்து, அந்தப் பூட்டை அமுக்கிப் பூட்டி, எனக்கு அனுப்புகிறீர்கள். பூட்டிய பிறகு உங்களாலேயே அதைத் திறக்க முடியாது. வழியில் எத்தனை பேர் பெட்டியைக் கையில் வாங்கினாலும் எடையைத்தான் பார்க்க முடியும். சாவியை ஒருமுறைகூட யாருக்கும் அனுப்பவில்லை என்பதுதான் இதில் விசேஷம். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக ரகசிய எழுத்து என்றாலே, இருவரும் முதலில் எங்காவது சந்தித்துச் சாவியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது. முன்பின் பார்க்காத இருவர், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு கம்பியில் பேசியே தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவி ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம் என்று 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மேனும் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் நான் சொன்ன பூட்டைக் கணிதத்தில் செய்துகாட்டினார்கள். பிரிட்டிஷ் உளவு அமைப்பான ஜிசிஹெச்கியூவில் இருந்தவர்கள் இதைச் சில வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டு வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்பது 1997இல்தான் தெரியவந்தது. எனக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும். அரசாங்கங்களின் தனிச்சொத்தாக இருந்த ஒரு கருவி சாதாரண மனிதர் கைக்கு வந்த வரலாறு அது.

சரி, பெட்டி வழியில் பத்திரமாக இருக்கிறது. புறப்படும் வீட்டிலும் போய்ச்சேரும் வீட்டிலும்? அங்கே கடிதம் பிரித்துத்தான் கிடக்கிறது. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் ஃபோனுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, நீங்கள் திரையில் படிக்கும்போது தானும் படிக்கிறது. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியாகச் சுமார் 1,400 பேரின் ஃபோன்களுக்கு அதை அனுப்ப முயன்றார்கள். என்க்ரிப்ஷனை அவர்கள் உடைக்கவில்லை, அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஃபோன் மென்பொருளை அவ்வப்போது அப்டேட் செய்யுங்கள் என்று என்னைப் போன்றவர்கள் நச்சரிப்பது இதற்குத்தான். இப்படிப்பட்ட தாக்குதல் சாதாரண ஆளுக்கு வருவது அபூர்வம். அது செலவு பிடிக்கும் காரியம், குறிப்பிட்ட ஆட்களைக் குறிவைத்து நடப்பது. உங்கள் வீட்டுக்கு அதைவிடப் பெரிய ஓட்டை பேக்கப். வழியெல்லாம் பூட்டி வந்த உரையாடல் முழுவதும் கிளவுடில், அதாவது வேறொரு நிறுவனத்தின் கணினியில், போய் உட்கார்கிறது. அந்த பேக்கப்புக்கும் முனைக்கு முனை என்க்ரிப்ஷன் போடும் வசதியை வாட்ஸ்அப் 2021 அக்டோபரில்தான் கொண்டுவந்தது. அதையும் நாமே செட்டிங்ஸில் போய்த் தொடங்க வேண்டும். தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், அது ஆனில் இருக்கிறதா என்று.

அடுத்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள்கூடக் கோட்டைவிடும் இடம் இது. என்க்ரிப்ஷன் மறைப்பது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை. யாரிடம், எப்போது, எத்தனை முறை, எங்கிருந்து என்பதை அது மறைப்பதில்லை. அதற்கு மெட்டாடேட்டா என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ உப்புச்சப்பில்லாத விஷயம் போலத் தோன்றும். இதோ, கற்பனையான ஒருவரின் ஒருநாள் மெட்டாடேட்டா:

இரவு 9.10: ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து செய்தி வருகிறது. 9.12: அக்காவுக்கு அழைப்பு, 47 நிமிடம். 10.05: ஒரு புற்றுநோய் மருத்துவரின் எண்ணுக்கு அழைப்பு, அவர் எடுக்கவில்லை. 10.06: அதே எண்ணுக்கு மறுபடியும். நள்ளிரவு 12.20 முதல் 3.40 வரை திரை அணையவே இல்லை. காலை 8.30: அலுவலக மேலாளருக்கு ஒரு சிறு செய்தி. 9.40 முதல் 1.15 வரை ஃபோன் ஒரு மருத்துவமனை வளாகத்துக்குள் இருக்கிறது. 1.30: காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைப்பு.

இதில் ஒரு சொல்கூட யாரும் படிக்கவில்லை. இவர் அக்காவிடம் என்ன சொல்லி அழுதார் என்பது தெரியாது. ஆனால் அழுதிருப்பார் என்பது தெரிகிறது. இந்தப் பட்டியல் காப்பீட்டு நிறுவனத்தின் கையில் கிடைத்தால்? வேலை தரும் நிறுவனத்தின் கையில் கிடைத்தால்? பேச்சில் மனிதர் பொய் சொல்லலாம், பூசி மெழுகலாம். நடமாட்டத்தில் அது முடியாது. அமெரிக்க உளவு நிறுவனங்களான என்எஸ்ஏவுக்கும் சிஐஏவுக்கும் தலைமை வகித்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை வைத்தே நாங்கள் ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014இல் ஒரு பொதுமேடையிலேயே சொன்னார். அவ்வளவு துல்லியமான விஷயம் அது.

“பெயரை எடுத்துவிட்டுத்தான் தரவைப் பகிர்கிறோம்” என்று நிறுவனங்கள் சொல்லும்போதும் இதையே நினைவில் வையுங்கள். 15 லட்சம் பேரின் 15 மாத ஃபோன் இருப்பிடத் தரவை எடுத்து ஆராய்ந்தவர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு இது: ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம். யோசித்தால் புரியும். இரவு நீங்கள் தூங்கும் அதே இடத்தில் தூங்கி, பகலில் நீங்கள் வேலை செய்யும் அதே இடத்தில் வேலை செய்பவர் உலகத்தில் எத்தனை பேர்? உங்களைத் தவிர அநேகமாக யாரும் இல்லை. பெயர் எதற்கு?

ஆகவே ஒரு செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது அது என்ன என்க்ரிப்ஷன் போடுகிறது என்பதோடு, அது எதையெல்லாம் சேர்த்து வைக்கவே இல்லை என்றும் பார்க்க வேண்டும். 2016இல் அமெரிக்காவில் ஒரு விசாரணைக்காகச் சிக்னல் செயலியின் பயனர் விவரங்களை சட்டப்படி ஆணை அனுப்பிக் கேட்டார்கள். சிக்னல்காரர்களிடம் கொடுக்க இருந்தவை இரண்டுதான்: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள். யாரிடம் பேசினார், எந்தக் குழுவில் இருந்தார் என்பதெல்லாம் அவர்களிடம் இல்லவே இல்லை. அவர்கள் சட்டத்தை எதிர்க்கவில்லை, இருந்ததைக் கொடுத்தார்கள். இல்லாததை யாராலும் வாங்க முடியாது, திருடவும் முடியாது. என் பார்வையில் தரவுப் பாதுகாப்பில் இதைவிடச் சிறந்த முறை இன்னும் வரவில்லை.

இனி உங்கள் தோழி. நாய்க்குட்டி வாங்குவது பற்றித் தோழிகளோடு பேசிக்கொண்டிருந்தேன், மாலையே நாய் உணவு விளம்பரம் வந்துவிட்டது என்று சொல்பவர்களை நான் ஒருபோதும் கேலி செய்ததில்லை. அவர்களுக்கு நடந்தது நடந்ததுதான். காரணம்தான் வேறு. அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து பேச்சைப் பதிவு செய்து அனுப்பும் செயலி ஒன்றுகூட அதில் சிக்கவில்லை. ஆனால் சில செயலிகள், பயனர் திரையில் செய்வதைப் படமாகப் பிடித்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தன. அதை யாரும் தேடிப் போகவில்லை, தேடாமலே கண்ணில் பட்டது.

அப்புறம் அந்த நாய் உணவு எப்படி வந்தது? நீங்கள் மூன்று பேர் ஓரிடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். மூன்று ஃபோனும் ஒரே வைஃபையில் இருந்தன. அதில் ஒருத்தி முந்தின நாள் இரவு நாய் இனங்களைப் பற்றித் தேடியிருக்கிறாள். அவளுடைய தொடர்புப் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறது. விளம்பர நிறுவனத்துக்கு இவ்வளவு போதும். பேச்சைக் கேட்டு, எழுத்தாக்கி, பொருள் புரிந்துகொள்வது செலவும் சிரமமும் பிடித்த வேலை. இருப்பிடமும் தேடலும் தொடர்புகளும் அதைவிட மலிவாக, அதைவிடச் சுத்தமாகக் கிடைக்கும்போது மைக் எதற்கு? நீங்கள் ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கும்போது அது திரையில் விரிவதற்குள் விளம்பர இடத்துக்கு ஏலம் நடந்து முடிகிறது. அந்த ஏலத்தில் தோற்ற நிறுவனங்களுக்கும் உங்களைப் பற்றிய குறிப்பு போய்ச் சேர்கிறது. ஒட்டுக்கேட்பதாக நம்புகிறவர் மைக்கை மட்டும் துணியால் மூடிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார் என்பதுதான் என் கவலை. நிஜமான கசிவு வேறு குழாயில் இருக்கிறது.

தோழியின் சந்தேகம் ஆதாரமே இல்லாதது என்றும் சொல்ல மாட்டேன். அமேசான், கூகுள், ஆப்பிள் மூன்றின் குரல் உதவியாளர்களும் பதிவு செய்த பேச்சுத் துணுக்குகளை, தரம் பார்ப்பதற்காக ஒப்பந்த ஊழியர்கள் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது 2019இல் வெளிவந்தது. கூப்பிடாமலே தவறுதலாக விழித்துக்கொண்ட பதிவுகளும் அதில் இருந்தன. 2013இல் ஒரு டார்ச்லைட் செயலியின் மேல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கானோர் இறக்கிக்கொண்ட செயலி அது. விளக்கு எரிய வைப்பதுதான் அதன் வேலை. கூடவே ஃபோனின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அனுமதி கேட்கும் பெட்டியிலும் ஒரு வேடிக்கை காட்டியிருந்தார்கள்: நீங்கள் சரி என்று அழுத்துவதற்கு முன்பே தகவல் போய்விடும். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது உங்கள் சொந்தக் கேள்வி. அரசாங்கத்திடம் மட்டும் ஒரு சாவி. நீங்கள் நல்லெண்ணத்தோடு கேட்கிறீர்கள். குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைப் பரப்புகிறவர்களும் குண்டுவைப்பவர்களும் இதே செயலிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். என்க்ரிப்ஷனால் புலனாய்வாளர் கையில் சிக்காமல் போகும் ஆதாரங்கள் உண்டு. என்க்ரிப்ஷனை ஆதரிப்பவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ளாமல் நழுவுவது எனக்குப் பிடிக்காது. இழப்பு இருக்கிறது. ஆனாலும் அந்தச் சாவி கூடாது என்கிறேன். காரணத்தை நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

கிரீஸ் நாட்டில் ஒரு பெரிய ஃபோன் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் இயந்திரங்களுக்குள், சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கான மென்பொருள் பகுதி ஒன்று சும்மா கிடந்தது. நிறுவனம் அதைப் பயன்படுத்தத் தொடங்கவே இல்லை. 2004இல் யாரோ உள்ளே புகுந்து, தங்கள் நிரலைப் பொருத்தி, அந்தப் பகுதியை ஓசைப்படாமல் எழுப்பிவிட்டார்கள். அதன்பின் சுமார் நூறு பேரின் அழைப்புகள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று போகவேண்டிய இடத்துக்கும் இன்னொன்று யாரென்று தெரியாத ப்ரீபெய்டு ஃபோன்களுக்கும் போய்க்கொண்டிருந்தன. அந்த நூறு பேரில் பிரதமர் கோஸ்டாஸ் கரமன்லிஸும் ஒருவர். 2005 மார்ச்சில்தான் அது பிடிபட்டது. அரசாங்கம் மற்றவர்களைக் கேட்பதற்காக வைத்த கதவு வழியாக அரசாங்கத்தையே கேட்டார்கள்.

இது பழைய கதை என்று நினைத்தால், 2024க்கு வாருங்கள். அமெரிக்காவில் ஃபோன் நிறுவனங்கள் தங்கள் அமைப்பில் ஒட்டுக்கேட்கும் வசதியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று 1994இலிருந்து சட்டம் இருக்கிறது. சீன அரசோடு தொடர்புள்ளதாக அமெரிக்கா சொல்லும் ‘சால்ட் டைஃபூன்’ என்ற ஹேக்கர் குழு பல அமெரிக்க ஃபோன் நிறுவனங்களுக்குள் புகுந்தது. அந்த ஒட்டுக்கேட்கும் அமைப்புகளையும் தொட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகளே மக்களைப் பார்த்து, முடிந்தால் என்க்ரிப்ட் ஆகும் செயலிகளில் பேசுங்கள் என்றார்கள். அந்த ஆலோசனையைச் சொன்னதில் எஃப்பிஐயும் சேர்த்தி. என்க்ரிப்ஷன் எங்கள் கையைக் கட்டுகிறது என்று வருடக்கணக்கில் வாதாடிவந்த அதே எஃப்பிஐ.

இதில் பேராசையோ சதியோ காரணம் இல்லை. பூட்டின் இயல்பே அப்படி. யார் கை சாவியைப் பிடித்திருக்கிறது என்று பூட்டுக்குத் தெரியாது. நல்லவருக்குத் திறந்து கெட்டவருக்கு மூடிக்கொள்ளும் கணிதத்தை ஒருவராலும் எழுத முடியாது. அமெரிக்க அரசு 1993இல் ‘கிளிப்பர்’ என்ற சிப்பை அறிமுகப்படுத்தி அதைச் செய்ய முயன்றது. ஒவ்வொரு சிப்பின் சாவியையும் இரண்டாகப் பிரித்து இரண்டு அரசு அமைப்புகளிடம் வைப்பதாகத் திட்டம். அடுத்த ஆண்டே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதில் ஓட்டை கண்டுபிடித்தார். அரசு நுழைவதற்கான பகுதியை மட்டும் செயலிழக்கச் செய்துவிட்டு, மீதி என்க்ரிப்ஷனைச் சௌகரியமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். விவரம் தெரிந்த குற்றவாளி தப்பித்துக்கொள்வான், சாவியை ஒப்படைத்தவர் ஒன்றும் அறியாத மனிதராக இருப்பார். இன்று வரும் ஒவ்வொரு புதிய திட்டத்திலும் இதே கோளாறுதான் இருக்கிறது. ஒரு செயலிக்குப் பின்வாசல் வைத்தால் குற்றவாளி அடுத்த செயலிக்குப் போவான். என்க்ரிப்ஷன் முறைகள் புத்தகத்திலேயே இருக்கின்றன, தானே எழுதிக்கொள்ளவும் முடியும். அசையாமல் அதிலேயே இருக்கப்போவது உங்கள் அப்பாவும் என் அம்மாவும்தான்.

“அப்படியானால் செய்தியை உடைக்க வேண்டாம், அனுப்புவதற்கு முன் ஃபோனிலேயே சோதித்துப் பார்க்கலாமே” என்ற யோசனையும் உண்டு. குழந்தைகளைச் சீரழிக்கும் படங்களைக் கண்டுபிடிக்க ஆப்பிள் நிறுவனம் 2021 ஆகஸ்டில் அப்படி ஒரு திட்டத்தை அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி 2022 டிசம்பரில் கைவிட்டது. எதிர்த்தவர்கள் குழந்தைகளின் எதிரிகள் இல்லை. எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு நூறு கோடிப் படங்கள் என்று வைத்துக்கொள்வோம். சோதிக்கும் மென்பொருள் ஆயிரத்தில் ஒன்றை மட்டும் தவறாகப் பிடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். தினமும் பத்து லட்சம் அப்பாவிப் படங்கள் சந்தேகப் பட்டியலுக்குப் போகும். இதன் மறுமுனையில் இருக்கும் மனிதரைப் பற்றி 2022இல் செய்தி வந்தது. அமெரிக்காவில் ஒரு தகப்பன், பிறப்புறுப்பில் வீக்கம் கண்ட தன் சின்னக் குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதற்காக, மருத்துவமனை கேட்டபடி ஃபோனில் படம் எடுத்து அனுப்பினார். படம் தானாகவே கூகுளின் கிளவுடுக்கும் போயிற்று. மென்பொருள் அதைக் குற்றமாகக் குறித்தது. அவருடைய மின்னஞ்சல், படங்கள், ஃபோன் எண் எல்லாம் முடங்கின. போலீஸ் விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று முடித்துவிட்டது. கூகுள் மட்டும் கணக்கைத் திரும்பக் கொடுக்கவில்லை.

அப்படியானால் போலீஸ் என்ன செய்வது? ஒரு குறிப்பிட்ட ஆளின் மேல் சந்தேகம் இருந்தால் நீதிமன்ற உத்தரவோடு அவருடைய ஃபோனைக் கைப்பற்றலாம். பேசியவர்களில் ஒருவர் ஒத்துழைத்தால் அவரிடமிருந்து உரையாடலை வாங்கலாம். நான் மேலே காட்டிய மெட்டாடேட்டா அவர்களுக்குக் கிடைக்கிறது. 2015 டிசம்பரில் சான் பெர்னார்டினோவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, கொலையாளியின் ஐஃபோனைத் திறக்க ஆப்பிளையே தனி மென்பொருள் எழுதவைக்க வேண்டும் என்று எஃப்பிஐ நீதிமன்றம் போனது. 2016 மார்ச்சில் வழக்கைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. வேறொருவரின் உதவியோடு அந்த ஒரு ஃபோனை மட்டும் திறந்துவிட்டார்கள். சிரமமான வழி, செலவான வழி. அந்தச் சிரமம்தான் கண்ணில் பட்டவரையெல்லாம் துழாவாமல் தடுத்து வைத்திருக்கிறது.

கடைசியாக அப்பா. அவரை நான் கடைசியாக வைத்ததற்குக் காரணம், அவர் சொல்வதுதான் நால்வரிலும் ஆழமானது. உண்மையிலேயே அவரிடம் மறைக்க எதுவும் இல்லை, அதில் அவருக்குப் பெருமை உண்டு. அந்த நேர்மையைக் குறை சொல்லாமல் பேச வேண்டும். குளியலறைக் கதவைத் தாழிடுகிறவர் உள்ளே குற்றம் செய்வதில்லை என்பதை அவரும் ஒப்புக்கொள்வார். ஆனால் அது வெட்கம் சம்பந்தப்பட்டது என்று தட்டிக்கழித்துவிடலாம். அதனால் நான் வேறு இரண்டைச் சொல்வேன்.

ஒன்று நெதர்லாந்து. 1930களில் அந்த நாட்டின் மக்கள் பதிவேடு மிக ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது. ஒவ்வொருவரின் மதமும் அதில் இருந்தது. கெட்ட நோக்கம் ஒன்றுமில்லை. நல்ல நிர்வாகம், அவ்வளவுதான். மறைக்க எதுவும் இல்லாதவர்கள் உண்மையைச் சொல்லிப் பதிந்துகொண்டார்கள். 1940 மே மாதம் ஜெர்மனி நாட்டைப் பிடித்தது. யூதர் யார், எந்த வீட்டில் இருக்கிறார் என்று தேட வேண்டிய அவசியமே நாஜிகளுக்கு இருக்கவில்லை, எடுத்துப் படித்தால் போதுமாக இருந்தது. நெதர்லாந்து யூதர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் கொல்லப்பட்டார்கள். மேற்கு ஐரோப்பாவிலேயே மிக அதிகமான விகிதம் அது. 1943 மார்ச் 27 இரவு எதிர்ப்புக் குழுவினர் போலீஸ் உடையில் ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குள் நுழைந்து தீ வைத்தார்கள். இறுக்கி அடுக்கிய காகிதம் எளிதில் எரியாது. ஒரு பகுதிதான் அழிந்தது. தீ வைத்தவர்களில் பலர் பிடிபட்டுச் சுடப்பட்டார்கள். ஒரு பதிவேட்டை அழிக்க மனிதர்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், ஒரு படிவத்தில் தேவையில்லாத கட்டம் ஒன்று இருந்தால் என் கை நின்றுவிடுகிறது.

இன்னொன்று, அப்பாவின் தரவு அப்பாவுடையது மட்டும் இல்லை. அவர் ஃபோனில் எத்தனை உறவினர்களின் எண்கள் இருக்கின்றன? ஏதோ ஒரு செயலிக்கு ‘தொடர்புகளைப் பார்க்கலாம்’ என்று அனுமதி கொடுத்தால், அவர்கள் எல்லோருக்கும் பதிலாக அவரே சம்மதம் சொல்லிவிடுகிறார். இதன் உச்சத்தை 2023இல் பார்த்தோம். எச்சில் மாதிரியை வாங்கி மரபணுவை ஆராய்ந்து சொல்லும் ‘டுவென்டிதிரீ அண்ட் மீ’ நிறுவனத்தில், வேறு தளங்களிலிருந்து கசிந்த கடவுச்சொற்களை வைத்துச் சுமார் 14,000 கணக்குகளுக்குள் புகுந்தார்கள். அங்கே உறவினரைக் கண்டுபிடிக்கும் வசதி இருந்ததால், அந்தக் கணக்குகள் வழியாக 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. அவர்களில் பெரும்பாலோர் தவறு எதையும் செய்யாதவர்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அத்தனை பேரின் மரபணுத் தரவும் விற்கப்பட வேண்டிய சொத்துப் பட்டியலில் ஏறியது. கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து திருடு போனதாக 2015இல் வெளிவந்த 56 லட்சம் பேரின் கைரேகைகளை எதைக் கொண்டு மாற்றுவது?

இதையெல்லாம் கேட்டு மிரண்டுபோய் ஃபோனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நான் எறியவில்லை. எனக்கும் வரைபடம் வேண்டும், குழுவில் பேத்தி படம் பார்க்க வேண்டும். செய்யக்கூடியவை சிலவே. செட்டிங்ஸில் அனுமதிகள் பக்கத்தைத் திறந்து, இருப்பிடமும் தொடர்புகளும் எந்தெந்தச் செயலிக்குப் போகின்றன என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. முதல்முறை பார்ப்பவர்களின் முகம் மாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரே கடவுச்சொல்லை நாலு இடத்தில் வைக்காதீர்கள். அந்த 14,000 கணக்குகள் போனது அதனால்தான். நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று நம்ப வேண்டாம். இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து எடுத்து விபிஎன் நிறுவனத்தின் கண்ணில் வைக்கிறீர்கள், அவ்வளவுதான். முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருப்பதும் தளம் நல்லது என்பதற்குச் சான்று இல்லை. மோசடித் தளத்துக்கும் அந்தப் பூட்டு கிடைக்கும்.

ஒரு காரியத்தை மட்டும் நால்வரும் சேர்ந்து செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவரின் பெயரைத் தொட்டு உள்ளே போனால் என்க்ரிப்ஷன் என்ற வரி இருக்கும். அதைத் திறந்தால் ஐந்தைந்தாகப் பிரித்த 60 இலக்க எண் ஒன்று தெரியும். அப்பா ஃபோனில் தெரிவதும் உங்கள் ஃபோனில் தெரிவதும் ஒன்றாக இருந்தால், நடுவில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பாதுகாப்புக் குறியீடு மாறியது என்று எப்போதாவது ஒரு வரி வந்தால், பெரும்பாலும் அவர் ஃபோனை மாற்றியிருப்பார். ஆனாலும் பணம் சம்பந்தமாக ஏதாவது பேசுவதற்கு முன் ஒருமுறை அவரையே அழைத்துப் பேசிக் கேட்டுவிடுங்கள்.

அப்படியே பேக்கப் என்க்ரிப்ஷனையும் ஆன் செய்யுங்கள். அதற்கு ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்ளலாம். ஃபோனும் தொலைந்து அந்தக் கடவுச்சொல்லும் மறந்துவிட்டால் வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து கொடுக்க முடியாது. அதனால் அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் உறைக்குள் வையுங்கள். ஃபோனிலேயே குறித்து வைக்காதீர்கள், உறை எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள்.